வார்னிஷ் பூசிய ஆணிகள்

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் மூத்த வேதியியல் ஆசிரியர் என்னிடம், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். தாமல் என்றேன்.

"தாமல்ல எந்தப் பக்கம்?"

இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். "ஏரிக்குக் கீழ, கடைசித் தெரு சார்" என்றேன். அவர் பேப்பரை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து மற்ற ஆசிரியைகளுக்கு "நீங்க", எனக்கு மட்டும் "நீ".

ஆய்வகச் சாவி பல வருடங்களாக அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மாணவிகளை எதையும் தொட விடமாட்டார். தள்ளி நிற்க வைத்துத் தானே செய்து காட்டுவார். அடுத்த வருடம் தலைமையாசிரியை பத்தாம் வகுப்பையும் ஆய்வகத்தையும் என்னிடம் கொடுத்தார். நான் கேட்டு வாங்கவில்லை. சாவியை அவர் என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் பரிசோதனை இடப்பெயர்ச்சி வினை. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட வேண்டும். இரும்பு தாமிரத்தைவிட வினைத்திறன் கூடியது. அது கரைசலுக்குள் போக, தாமிரம் வெளியே வந்து ஆணிமேல் செம்பழுப்பாகப் படியும், நீலம் வெளிறும். அலமாரியில் அவர் கையெழுத்தில் "ஆணி" என்று எழுதிய டப்பா இருந்தது. மழைக்காலத்திலும் துரு இல்லாமல் பளபளவென்றிருந்த ஆணிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். முதல்முறையாக மாணவிகளே நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இருபது நிமிடம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பாடவேளை முடியப் போகிறது. எல்லா ஆணியும் கடையில் வாங்கியது போலவே இருந்தது.

"மிஸ், போன வருசம் சார் பண்ணப்போ வந்துச்சாம் மிஸ்" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் கவனித்தேன், அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வரலியா?" என்றவர், மாணவிகள் பக்கம் திரும்பினார். "ஆணியும் மயில்துத்தமும் யாருக்கும் ஒண்ணுதான். செய்யற கைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

மாணவிகள் சிரித்தார்கள்.

பள்ளி விட்டபின் ஒரு ஆணியை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மெல்லிய கண்ணாடித் தோல் போல ஒன்று உரிந்து வந்தது. வார்னிஷ். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது. காற்றையும் ஈரத்தையும் இரும்பிடம் விடாத பூச்சு, கரைசலையும் விடவில்லை. சுரண்டிய ஆணியைக் கரைசலில் போட்டேன். சுரண்டிய இடத்தில் மட்டும் தாமிரம் ஏறியது.

மறுநாள் காலை அந்த ஆணியை அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல வார்னிஷ் இருக்குது சார்."

"ஆமா. துருப் பாடத்துக்கு நான்தான் பூசி வச்சேன்."

"டப்பால எழுதலையே. சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலியே."

"நேத்து வாசல்ல நின்னுக்கினு பாத்தீங்களே. அப்பவும் தெரியாதா?"

"பாத்ததும் தெரிஞ்சிது." அவர் சிரித்தார். "லேப்ப வாங்கிக்கினியே, நீயே கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்."

சுற்றி இருந்தவர்கள் நோட்டுத் திருத்துவது போலக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து நாற்காலி ஆசிரியை மட்டும், "விடும்மா, பெரியவரு" என்றார்.

"என்னை நீங்கன்னு கூப்பிடுங்க சார்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை நீ என்றும் கூப்பிடவில்லை, நீங்க என்றும் கூப்பிடவில்லை.

அன்றைய வகுப்பில் பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி செய்ய வைத்தேன். தாமிரம் படிந்தது. பூச்சு யார் பூசியது என்று கேட்டார்கள், சொன்னேன். "அப்போ சார் நம்மள ஏமாத்திட்டாரா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமா" என்றேன்.

மதியத்துக்குள் அது அவர் காதுக்குப் போய், அங்கிருந்து தலைமையாசிரியைக்கும் போனது. "பசங்க கிட்ட அப்படிச் சொல்லலாமா? போய் ஒரு சாரி சொல்லிடும்மா" என்றார்.

"அவரு முதல்ல சொல்லட்டும் மேடம்."

யாரும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒரு அமிலப் புட்டி வேண்டுமென்றாலும் அவர் மாணவியிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புவார். சீட்டில் வகுப்பு எழுதவில்லை என்று நான் திருப்பி அனுப்புவேன். அவர் காத்திருப்பார் என்று தெரியும். அற்பத்தனம்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவருடைய பிரிவு உபசாரத்துக்கு நான் போகவில்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்து மைக்கில் வந்த பாராட்டுகளைக் கேட்டபடி குழாய்களைக் கழுவினேன்.

இப்போதும் சில காலைகளில் பெரிய காஞ்சிபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கையில் பால் பையோடு அவர் எதிரே வருவார். யார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்பதில்தான் எங்களுக்குள் போட்டி. பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன்.