மச்சாள் விற்க மறுத்த வோக்கர்

எங்கள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சிவப்பு வோக்கர் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நடக்கத் தொடங்காத குழந்தையை அதன் நடுவில் இருத்திவிட்டால், காலால் உந்தி வீடு முழுக்க உருண்டு திரியும். வெள்ளவத்தை காலி வீதியில் நானும் மச்சாளும், அதாவது என் கணவரின் அக்காவும், சேர்ந்து நடத்திய குழந்தைச் சாமான் கடையில் அதைப்போல விலைப்பட்ட பொருள் வேறில்லை. மச்சாள் கடைக்கு வருகிறவர்களின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வியாபாரமே கதைப்பார்.

ஒரு நாள் எங்களிடம் வோக்கர் வாங்கிய இளம் தாய் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் கழன்றிருந்தது. இடுப்பிலிருந்த மகனின் நெற்றியில் தையல். தொடர்மாடி வீட்டில் கதவு திறந்து கிடந்த நேரம், பிள்ளை வோக்கரோடு படிக்கட்டில் உருண்டுவிட்டான். அவள் எங்களைக் குறை சொல்ல வரவில்லை.

"என்ட கவனக்குறைவு, அன்ரி. இந்தச் சில்லை மட்டும் மாத்தித் தருவீங்களோ?" என்றாள்.

மச்சாள் சில்லை மாற்றிக் கொடுக்கவில்லை. வோக்கரை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் விலையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் போனதும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதையும் உள்ளே எடுத்துவிட்டார். கனடாவில் இதை விற்கவே தடை என்று அங்கிருந்து லீவில் வந்த ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். அப்போது நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் விடவில்லை. "மச்சாள், இஞ்ச தடையில்லையே. நாங்க விக்காட்டி எதிர்க் கடையில வாங்குவினம்."

"வாங்கட்டும். சட்டம் எங்களைப் பிடிக்காதெண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்தத் தாய் பிழை தன்னிலதான் எண்டு நினைச்சுக்கொண்டு போறாள். அதைக் கேட்ட பிறகு இன்னொண்டை எடுத்துக் குடுக்க என்னால ஏலாது."

கடையில் மிச்சமிருந்த வோக்கர்களைத் திருப்பி எடுக்கப் புறக்கோட்டை மொத்த வியாபாரி மறுத்தார். முறையாக கஸ்டம்ஸில் கிளியர் பண்ணிய சாமான், அதில் என்ன பிழை என்று அவர் கேட்டது நியாயம்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்காரர் அவற்றை அப்படியே எடுக்கத் தயாராக இருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மச்சாள் என்னைப் பார்த்து, "ஏன், கொட்டாஞ்சேனையில படிக்கட்டு இல்லையோ?" என்றார். இருவரும் நிலத்தில் குந்தி, வோக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தோம். விற்கிற சாமானை நாங்களே உடைப்பதை நினைத்துப் பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாளுக்கும்தான். அந்த வருடம் கொஞ்சம் இறுக்கமாகப் போனது, ஆனாலும் கடையை மூடவில்லை.

மச்சாள் காலமான பிறகு கடையை நான் பார்க்கிறேன். போன கிழமை ஒரு இளம் சோடி கைக்குழந்தையோடு வந்து வோக்கர் கேட்டது. விற்பதில்லை என்றேன்.

"தடையோ அன்ரி?" என்றான் தகப்பன்.

"இல்லைத் தம்பி. விக்க மனமில்லை. பிள்ளை விழுந்தெழும்பி நடக்கட்டும்."

தகப்பன் எதிர்க் கடைப் பக்கம் பார்த்தான். மனைவி பார்க்கவில்லை, மூலையில் சுருட்டி வைத்திருந்த தடித்த பாயை விரிக்கச் சொல்லி, பிள்ளையை அதில் இறக்கிவிட்டாள். தவழப் போகிறான் என்று மூவரும் காத்து நின்றோம். பிள்ளை சாவகாசமாகக் குந்தியிருந்து, பாயின் விலைச்சீட்டைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டான்.