வெள்ளைக் கோடு விழாத தொலைநகல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பேய், பிசாசு, முன்னறிகுறி எதையும் நான் ஒருநாளும் நம்பியவனல்லேன். நீங்கள் நம்பாவிடினும், கண்டதையே எழுதுகிறேன்.

எண்பதுகளின் இறுதியில், தீவு நகரான ஜார்ஜ் டவுனில் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ஏஜெண்டு அலுவலகமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. என் தம்பி செல்வம் அக்கரையில், பட்டர்வொர்த்துக் கிடங்கில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர். சரக்குப் பெட்டியை உடைத்துத் திருடிய கும்பலை அவன் காட்டிக்கொடுத்திருந்தான். உடைந்த பெட்டியருகே அவனை நிற்கவைத்துப் படமெடுத்து, இன்சூரன்சுக்காக ஒரு பிற்பகல் எங்களுக்குத் தொலைநகலில் அனுப்பினார்கள்.

படம் நெஞ்சுவரை வந்ததும் தாள் தீர்ந்தது. எங்கள் இயந்திரம் மிச்சத்தை நினைவில் வைத்திருந்து புதுச் சுருளில் தொடரும். ஆனால் தொடருமிடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தவறாமல் விழும். துண்டுகளைப் பசையிட்டு ஒட்டிக்கொள்வோம். அன்று கோடு விழவில்லை. சட்டையின் கட்டங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. ஆனால் வயிற்றில் தடித்த புத்தகம் ஒன்று கட்டப்பட்டு, அதில் மூட்டை தூக்கும் கொக்கி பாய்ந்திருந்தது. காலடியில், யாருடையதோ, அறுபட்ட கை ஒன்று கிடந்தது.

பதறித் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, வயித்துல என்ன கட்டியிருக்க?"

"பெல்ட்டுதான் அண்ணே. ஏன், படத்துல தொப்பை தெரியுதா?"

"விளையாடாத. அவனுங்க வருவானுங்க. எதையாச்சும் தடிப்பா கட்டிக்க."

"சரிலா, டெலிபோன் புக்கு இருக்கு, கட்டிக்கிறேன். பாக்குறவங்க மாசமா இருக்கேன்னு சொல்லப்போறாங்க."

மனம் கேளாமல் பெர்ரியில் ஏறினேன். நான் கரை சேருமுன்பே அவர்கள் கிடங்கினுள் புகுந்துவிட்டார்கள். இரும்புக் கம்பியால் அவன் தோளை உடைத்தார்கள். கீழே தள்ளி முகத்தை மிதித்துப் பற்களைச் சிதறடித்தார்கள். ஒருவன் கொக்கியை ஓங்கி வயிற்றில் இறக்கினான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அதைத் தாங்கின. நான் போனபோது கொக்கி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, "அண்ணே, புக்கு கிழிஞ்சிருச்சு" என்றான்.

மூலப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் பெல்ட்டு மட்டுமே இருந்தது. கொக்கியும் இல்லை, கையும் இல்லை.

அன்று எவர் கையும் வெட்டுப்படவில்லை. தொலைநகல் தாள் நாளடைவில் வெளுத்துப்போகும். தம்பியின் முகமும் கொக்கியும் மறைந்துவிட்டன. அந்தக் கை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கறுத்து வருகிறது. அதைக் காணும்போதெல்லாம் செல்வம் தன் இரு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறான்.

இவ்விவரத்தைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.