தூணில் கட்டிய மங்கு

மலாயாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சடையனைப் போல் மரத்துக்கு நோகாமல் பால் வெட்ட ஆளில்லை என்று பதினெட்டு வருஷம் பேர் இருந்தது. அந்தச் சடையன் ஒரே காலையில் ஒரே நிரையை இரண்டு தடவை வெட்டி மரங்களைக் காயப்படுத்தினான். கங்காணி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பெண்சாதி இருளாயிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. உடம்பை வளைக்க மனமில்லாமல் நடிக்கிறான் என்றே அவள் நம்பினாள். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும், வேலை போனது தெரியாதவன்போல் கத்தியைத் தேடுவான். குடித்த கஞ்சியை மறந்து மறுபடியும் கேட்பான்.

"யார ஏய்க்கப் பாக்குற?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

கத்தியைக் கூரையில் செருகிவிட்டு அவள் மட்டும் வேலைக்குப் போனாள். ஒருநாள் மதியம் திரும்பியபோது, தொழிலாளர் லயத்து வீட்டின் மரத்தூண் முன்னால் சடையன் குந்தியிருந்தான். கத்தியை எப்படியோ எடுத்திருக்கிறான். தூணில் இடுப்புயரத்தில், அளந்தாற்போல் ஒரு சாய்வு வெட்டு. அதன் கீழே பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கயிற்றால் கட்டியிருந்தான்.

இருளாயி வாயைத் திறக்குமுன் அவன் நிமிர்ந்தான். முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, காலையிலேருந்து உக்காந்திருக்கேன், பால் வரல. எம்பொஞ்சாதி வாளியோட வந்துருவா. அவகிட்ட சொல்லிறாதீங்க. ரொம்பத் திட்டுவா."

கையிலிருந்த வாளியை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.