கலைவாணி கழற்றிய பூட்ஸ்

கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, ஆடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கோச் என்னை வெளியிலேயே உட்கார வைத்தார்.

"நொண்டியாயிட்டா உன்னை யாரும்மா கட்டுவான்?" என்றார்.

இறுதிப் போட்டியின் இடைவேளையில், என் இடத்தில் ஆடிய சங்கராபுரம் கலைவாணி என் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள்.

"இன்னா பண்ற?" என்று அதட்டினார் கோச்.

"அக்கா எறங்கட்டும் சார். நான் ஆட மாட்டேன்."

வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார். கடைசிவரை ஓடினேன். தோற்றோம். அந்தக் கோபத்தில் கலைவாணியை அணியிலிருந்தே நீக்கினார். மறுநாள் பயிற்சிக்கு யாரும் போக வேண்டாம் என்று நான் சொன்னேன்; எங்களில் ஒருத்தியும் போகவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே அவளைக் கூப்பிட்டார்.

கேப்டனாக நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.