முசல்லாவில் ஈரம்

குவைத்தில் என் கணவர் சம்பாதித்ததைக் கொண்டு, தஞ்சாவூருக்கு வெளியே வயலைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வருஷம் அது. மாமியாரும் நானும் நான்கு பூனைகளும் போனோம். பழைய வாடகை வீட்டில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்ட பூனைகள் அவை. கறுப்புக் கடுவன் ஒன்று, மற்ற மூன்றும் பெட்டை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் பூனைகளின் சத்தம்தான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் சோபாவின் மூலையில் மூத்திர வாடை அடித்தது. துடைத்தேன். பிறகு துணிக்கூடையில். அப்புறம் மெத்தையில். பினாயில் ஊற்றிக் கழுவக் கழுவ, மறுபடியும் அங்கேயே ஏதோ ஒன்று வந்து போய்வைத்தது. பூனை மூத்திர வாடை மூக்கோடு நிற்காது, கண்ணையும் எரிக்கும். ஊதுபத்தி கொளுத்தினால் இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகிவிடும்.

மாமியாருக்குப் பூனைகள் என்றால் உயிர். பூனை வாய்வைத்த தண்ணீரைக்கூட அவர் அசுத்தமாக நினைக்கமாட்டார். ஆனால் மூத்திரம் பட்ட இடத்தில் தொழ முடியாது. ஒரு நாள் அவருடைய முசல்லாவிலேயே, தொழுகை விரிப்பிலேயே, ஈரம் பட்டிருந்தது. யாரையும் திட்டவில்லை. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குத் துவைக்கப் போனார். முட்டிவலியோடு அவர் ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சமயத்தில் கணவர் லீவில் வந்தார். வந்த மறுநாளே திறந்து வைத்திருந்த அவர் பெட்டிக்குள் ஒரு பூனை வேலையைக் காட்டியிருந்தது.

"இது அந்தக் கறுப்பன் வேலைதான். மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுடறேன். அங்க அதுக்கு சாப்பாட்டுக்குக் கவலையில்ல."

"நீங்க லீவு முடிஞ்சதும் போயிடுவீங்க மச்சான். அப்புறம் எனக்குப் பேச்சுத் துணைக்கு இதுங்கதானே இருக்கு."

"உங்களுக்காகத்தானே நான் போறேன்" என்றார். கடுவன் மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. மாமியாரின் முட்டியை நினைத்துச் சரி என்றேன்.

மறுநாள் காலை, கடுவனைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார். உள்ளேயிருந்து அது போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மொபெட்டை வெளியே தள்ளும்போது உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"தம்பி, போயிடாதே! இங்க வந்து பாரு."

ஓடினோம். இருப்பதிலேயே சின்னதான புள்ளிப் பெட்டை முசல்லாவின் மேல் முதுகைக் குறுக்கி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள்ளேயே முனகியது. வந்தது இரண்டு சொட்டு. அதிலும் லேசாகச் சிவப்பு. எழுந்து நகர்ந்து மறுபடியும் உட்கார்ந்தது.

"இது வேணும்னு செய்யலப்பா. இதுக்கு வலிக்குது" என்றார் மாமியார்.

கணவர் கையில் சாக்கு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. கீழே வைத்துக் கட்டை அவிழ்த்தார். கடுவன் பாய்ந்து பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவரே ஒரு கூடையில் துண்டை விரித்துப் புள்ளியைத் தூக்கி வைத்தார். ஆட்டோ பிடித்து மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கன்றுக்குட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா புள்ளியின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார்.

"மூத்திரப்பையில புண்ணு. போனா எரியும். அதான் மெத்துன்னு இருக்கிற இடமாத் தேடுது. வழக்கமா எங்க போகும்?"

"கொல்லையில."

"மண்ணு இருக்கா?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மழைச் சேறு வீட்டுக்குள் வருகிறது என்று கொல்லை முழுக்க சிமெண்ட் தளம் போட்டிருந்தோம். நான்கு பூனைகளுக்குமாகப் பின்கதவோரம் ஒரே ஒரு தொட்டியில் மணல் கொட்டி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நாலுக்கும் ஒண்ணா? அதுங்களுக்குள்ள சண்டை வராதா?"

"கறுப்பன் அது பக்கத்துலயேதான் படுத்திருக்கும். இதைக் கண்டா சீறும்."

"அப்ப இது எப்படிங்க போகும்? பயந்து பயந்து அடக்கியிருக்கும்" என்றார். பூனைக்கு ஒன்று, அதற்குமேல் ஒன்று என்று மணல் வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். பினாயில் பூனைக்கு ஆகாது, வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினால் போதும். கடுவனுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிட்டால் அடங்கிவிடும். புள்ளிக்கு ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார்.

வீடு கட்டி மிஞ்சிய சாந்துச்சட்டிகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. கணவர் அவற்றைக் கழுவி, சலித்த ஆற்றுமணலைக் கொட்டி அறைக்கு ஒன்றாக வைத்தார். அதோடு விடவில்லை. கடப்பாரையை எடுத்துக் கொல்லையின் ஒரு மூலையில் தளத்தை உடைத்து மண்ணைக் கிளறிவிட்டார். புதுத் தளம். உடைந்த சில்லுகளை நான் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.

சில நாள் கழித்து ஒரு மதியம், மாமியார் சைகை காட்டி எங்களைக் கூப்பிட்டார். அலமாரிக்குப் பின்னால் இருந்த சட்டியில் புள்ளி குழி தோண்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். முனகல் இல்லை. மணலில் நீர் இறங்கும் சத்தம் மட்டும், நிற்காமல், நீளமாகக் கேட்டது. பிறகு அது மணலைத் தள்ளி மூடிவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமியார், பெரிய விசேஷச் செய்தி வந்ததுபோல. நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லீவு முடியும்வரை தினமும் காலையில் சட்டிகளின் மணலைக் கணவர்தான் சலித்தார். ஒரு நாள் சலித்துக்கொண்டே சொன்னார்: "அங்க ரூமுக்கு எட்டுப் பேரு. எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். காலையில ஒரு முரடன் உள்ள போயி நின்னுக்குவான். கதவைத் தட்டப் பயந்துக்கிட்டு அடக்கிட்டு நிப்பேன்."

அத்தனை வருஷத்தில் அங்கே எப்படி இருக்கிறார் என்று அவர் சொன்னதே இல்லை. எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்பதோடு சரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து சல்லடையை வாங்கிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். அன்று சோறு வடிக்கவே நேரமாகிவிட்டது.