சுண்ணாம்பு வைத்த மச்சம்

என் கணவரின் இடது முழங்காலுக்குப் பின்பக்கம் மிளகளவில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. கடலைக்காட்டில் குத்துக்காலிட்டு உட்காரும்போதெல்லாம் உரசிக் கசியும். எழுபதுகளின் தொடக்கம், எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து, ஈர்க்குச்சி நுனியில் தொட்டு நான்தான் வைத்தேன். நான்கே நாளில் உதிர்ந்துவிட்டது. பள்ளி இறுதிவரை படித்தவள் என்பதால் வீட்டில் மருந்து விஷயமெல்லாம் என் பொறுப்பு. அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வருடம் கழித்து, மகளுக்கு எட்டு மாதமானபோது, அவருடைய இடது தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்தது. வரப்பில் வேலமுள் குத்திய வாரம் அது. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மாமியார் முள்ளை எடுத்து எருக்கம்பால் விட்டார். கொழிஞ்சாம்பாறை டாக்டர் ஊசி போட்டார். புண் ஆறியது, நெறி இறங்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இரண்டு மாதம் தள்ளியது நான்தான்.

கட்டி எலுமிச்சை அளவு ஆன பிறகு, பொள்ளாச்சி பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனோம். சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; நெஞ்சை எக்ஸ்ரே படமும் எடுத்தார்கள். முடிவு கேட்க மறுபடி போன அன்று, டாக்டர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள மை மாதிரி கறுப்பா இருக்கு. தோல்ல ஆரம்பிக்கிற புற்று இது. ஆனா தோல்ல எங்கயும் காணோம். உடம்புல கறுப்பு மச்சம் ஏதாவது இருந்துச்சா?"

"நானே கறுப்புதானுங்க. இதுல மச்சத்த எங்க போயித் தேடுவீங்க?" என்று சிரித்தார் என் கணவர். "அப்படி ஒண்ணுமில்லீங்க."

அவர் மறந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துச் சொன்னதிலேயே தெரிந்தது. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னால் சரியான மருந்து கிடைக்குமோ என்று தோன்றியது.

"இருந்துச்சுங்க. நாந்தானுங்க சுண்ணாம்பு வெச்சு எடுத்தேன்."

அவரைக் குப்புறப் படுக்கவைத்து விளக்கை அருகே கொண்டுவந்தார் டாக்டர். வெளுத்த தழும்பு. அதன் ஓரத்தில் பாதிக் கடுகளவு நீலப்புள்ளி. நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இதுதான் ஆரம்பம். மேல அழிஞ்சுபோயி உள்ளுக்குள்ள பரவறது ரொம்ப அபூர்வம்மா. நெஞ்சுப் படத்துலயும் தெரியுது. இனி மருந்துக்குக் கட்டுப்படாது."

"நான் வெச்சதாலதானுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது." விளக்கைத் தள்ளி வைத்துக்கொண்டே, "அப்பவே எங்ககிட்டக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "ஏம்புள்ள, நாந்தான் இல்லைன்னுட்டேனே. நீ எதுக்கு வாயத் தொறந்த?"

"மருந்து கிடைக்கும்னுதானுங்க."

"கெடச்சுதா?"

நான் அழுவதைப் பார்த்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார். "எங்காத்தாளுக்கு இது முள்ளுக் குத்துனதால வந்ததாவே இருக்கட்டும். ஊட்டுல போயிப் பேசிப்புடாத."

பேசவில்லை. அந்தத் தை மாதம் அவர் போனார். கருமம் முடிந்த மறுநாள் மாமியார் ஆள் வைத்து, வரப்பிலிருந்த வேலமரங்களை ஒன்றுவிடாமல் வெட்டச் சொன்னார். ஒவ்வொரு மரம் சாயும்போதும், "எம்பையனத் தின்ன முள்ளு" என்று மண்ணை வாரி எறிந்தார்.

வெட்டுகிறவர்களுக்கு நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.