முதலில் காது

மரக்கட்டையில் முதலில் காதைத்தான் செதுக்குகிறார் ரொசாலியா. உடம்பைத் திரட்டி, தலையைப் பிரித்து, காதைக் கடைசியில் மெலிதாக எடுப்பதுதான் ஊரறிந்த முறை. அந்த முறை அவருக்கு ஒத்துவராது. “சொல்றதுக்கு முன்னாடி கேக்க ஒரு காது வேணும்ல? காதில்லாத பயகிட்ட என்னத்தப் போதிக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே கொட்டாப்புளியை ஓங்குவார். ஆசையாகத் தொடங்கும் காது கொஞ்சம் தாராளமாகவே வந்துவிடும். மிச்சமிருக்கும் மரத்துக்குள் உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அவருடைய கரடிக்கும் முயல் காது, நரிக்கும் முயல் காது. முயலுக்கு மட்டும் ஏனோ கழுதைக் காது.

பல் விஷயம் இன்னும் விசேஷம். ரொசாலியா பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறை மேசையில் உளிகளுக்குப் பக்கத்திலேயே பல் குடையும் கொக்கிகளும் கிடக்கும். அவர் கையில் பிறந்த எந்தப் பிராணிக்கும் சொத்தைப் பல் கிடையாது. நூலக வாசலில் ‘படித்தால் கொத்த மாட்டேன்’ என்ற வாசகத்தோடு நிற்கும் கோழிக்குக்கூட மேலும் கீழும் முத்துப் போல வரிசைப் பற்கள். கோழிக்கு ஏது பல் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “கடவுள் குடுக்கலங்கறதுக்காக நானும் குடுக்காம விட்டுடணுமா?”

வாசகம் இல்லாமல் ஒரு பிராணியும் அவர் பட்டறையைத் தாண்டாது. பிரச்சினை என்னவென்றால், ஸ்லோவேனியாவின் தெற்கு மலைக்காட்டை ஒட்டிய அந்த ஊரில் அவற்றை யாரும் சட்டை செய்வதில்லை. தாரிங்காவின் மதுக்கடை வாசலில் கரடி நிற்கிறது, ‘ஒரு கிளாஸ் போதும்’ என்று. கரடியின் தலை தட்டையாக அமைந்துவிட்டதால், குடிக்க வருகிறவர்கள் இரண்டாவது கிளாஸை அதன் மேல்தான் வைக்கிறார்கள். குப்பைத் தொட்டிகள் அருகே ‘கண்ணாடி தனி, காகிதம் தனி’ என்று சொல்லும் முள்ளெலியை, ஒரு வெளியூர்க்காரர் செருப்புத் துடைக்க வைத்த பிரஷ் என்று நினைத்து, பூட்ஸ் சேற்றை அதன் முதுகில் சுத்தமாகத் தேய்த்துவிட்டுப் போனார். அன்று ரொசாலியா சாப்பிடவில்லை. வாசகத்தை யாரும் மதிக்காவிட்டால் போகட்டும், “இது என்ன மிருகம்?” என்று கேட்கிறார்களே, அதுதான் அவருக்குத் தாங்காது.

அதிகம் கேட்பவர் விங்கோ. பள்ளியில் ரொசாலியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது வேட்டைச் சங்கத்தின் தலைவர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பவரும் அவர்தான். “முதல்ல பாரு. அப்புறம் பாரு. அதுக்கப்புறமும் பாரு. இன்ன மிருகம்னு சத்தியம் பண்ண முடியலேன்னா துப்பாக்கி விசையிலேருந்து விரல எடு” என்பது அவருடைய பாடம். பள்ளத்தாக்கிலேயே கூர்மையான கண் தன்னுடையது என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் மறுத்ததில்லை.

இந்த வசந்தத்தில் மலைச்சாலை வளைவில் ஒரு கார், பள்ளி விட்டு நடந்து வந்த நேயா என்ற சிறுமியை இடித்துத் தள்ளியது. கை முறிந்ததோடு போயிற்று. எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம் என்றார்கள். பலகை வரவில்லை. கட்டோடு பள்ளிக்குப் போகும் குழந்தையை ரொசாலியா தினமும் பார்த்தார். ஒருநாள் தாரிங்காவின் கடைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“பலகைக்கு எவன் பிரேக் போடறான்? மானுக்குப் போடுவான். கொழந்தைய இடிச்சா பாவம்னு மட்டும்தான் தோணுது அவனுங்களுக்கு. மான இடிச்சா கார் நசுங்கிடுமே! வளைவுல நான் ஒரு மான் வைக்கப்போறேன்.”

விங்கோ ஒயினில் சோடாவை ஊற்றியபடி சிரித்தார். “நீ மான்னு சொல்லிட்டுக் கழுதைய நிறுத்துவ. டிரைவரு சிரிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டர இன்னும் நல்லா மிதிப்பான்.”

“மான்தான் வரும்.”

“பல்லோட வருமா, பல்லில்லாம வருமா?”

கடையே சிரித்தது. கரடித்தலைக் கிளாஸ்கூடக் குலுங்கியது. உள்ளூர ரொசாலியாவுக்குப் பயம்தான். இதுவரை செய்தவை சிரிப்புக்கு இடமானால் அவருக்கு மட்டும்தான் அவமானம். இந்த மானை மான் என்று யாரும் நம்பாவிட்டால், நாளைக்கு இன்னொரு குழந்தை.

மானுக்கென்று எடுத்த லிண்டன் மரக்கட்டையோடு அவர் பட்ட பாடு பெரிது. கை தானாகக் காதுப் பக்கம் போகும். தன் கையைத் தானே தட்டிவிட்டுக்கொள்வார். “பொறுடி, பொறு. கடைசில கேட்டா போதும்” என்று திட்டிக்கொண்டே முதலில் முதுகை எடுத்தார், பிறகு கழுத்தை, பிறகு கால்களை. வாயை மூடியே வைத்தார். பல் தெரியாத பிராணி ஒன்று தன் கையிலிருந்து வருவதைப் பார்க்க அவருக்கு அழுகையாகக்கூட வந்தது. காதுகளைக் கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கினார். சின்னதாக வந்தன.

ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்பாகவே, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் வளைவுக்கு மேலே மண்மேட்டை ஒட்டிய புல்லில் அதை நிறுத்தினார். சாலைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போன்ற நிலை. வாசகம் எழுதாமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. சாலைக்குத் தெரியாத பக்கத்திலாவது ‘மெதுவாகப் போனதற்கு நன்றி’ என்று எழுதிவிட வேண்டும் என்று, பொழுது சாயும் நேரத்தில் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு மேடேறினார்.

பாதி வழியில் துப்பாக்கி வெடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். மான் நின்றுகொண்டேதான் இருந்தது. தோளுக்குப் பின்னால், சரியாக இதயம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துளை. எதிரே விங்கோ. அந்தப் புல்வெளியின் மறுகோடியில்தான் அவருடைய வேட்டைப் பரண். சுட்ட விலங்கின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு தளிரும், அதன் இரத்தம் தோய்த்து, சுட்டவன் தொப்பிக்கு ஒரு தளிரும் வைப்பது அங்கே வேட்டைக்காரர் மரபு. வருகிற வழியிலேயே ஒடித்த இரண்டு தளிர்கள் விங்கோவின் கையில் இருந்தன. முகம் வெளுத்திருந்தது.

“நாளைக்குத்தானே வைக்கிறேன்னு சொன்ன!”

“பாத்தியா?” என்றார் ரொசாலியா. “நல்லாப் பாத்தியா?”

“மூணு தடவ பாத்தேன்டி. குண்டு பட்டும் விழலியேன்னு கிட்ட வந்தா…” விங்கோ சுற்றுமுற்றும் பார்த்தார். “வெளில சொல்லிடாத. சங்கத்துல என் மானம் போயிடும்.”

அப்போது வளைவில் ஒரு கார் வேகமாக ஏறி வந்தது. இருவரும் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். கார் மானைக் கண்டது. டயர் கிறீச்சிட்டது. பிறகு அது ஆமை போல ஊர்ந்து, வளைவு முழுவதும் ஊர்ந்தே போய், மறுபக்கம் மறைந்தது.

ரொசாலியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். விங்கோவின் கையிலிருந்து ஒரு தளிரை வாங்கினார். பெயின்ட் டப்பாவைத் திறந்து அதன் நுனியைச் சிவப்பில் தோய்த்தார். சங்கத்துக்காரர்கள் செய்வதைப் போலவே நிமிர்ந்து நின்று, உள்ளங்கையில் அதை ஏந்தி நீட்டினார்.

“வேட்டைக்கு வாழ்த்துகள், விங்கோ.”

விங்கோ தளிரைப் பார்த்தார், மானைப் பார்த்தார், கீழே சாலையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அவர் முன்னால் நீட்டினார்.